நாவலும் பனையும் பிடித்த வீடு

பெருவெள்ளம் வந்த வருஷம் வடக்குப்பட்டில் தண்ணீர் வடிந்தபோது ஷெர்லினின் வீடு மட்டும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. வெள்ளம் ஏறியபோது மற்ற வீடுகள் நனைந்தன, அவள் வீடு மிதந்தது. வெள்ளம் போனதும் மற்ற வீடுகளில் சேறு நின்றது, அவள் வீட்டுக்கு அடியில் காற்று நின்றது. தரைக்கும் கடைக்காலுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி விழுந்து, அதற்குள் கோழிகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளிவந்தன. அந்த வாரம் ஊரில் எல்லோருக்கும் மெத்தையும் மிக்சியும் காயவைக்கிற வேலை தலைக்குமேல் கிடந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டைக் கட்டிய மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்கால் கல்லு மாரி கீதும்மா, தரைதான் எறங்கிடுச்சி" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். தான் கட்டியதில் குறை சொல்லிக்கொள்ளும் மேஸ்திரியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஷெர்லின் வல்லம் வடகாலில், கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு கைப்பிடியை எடுத்தால் திருப்புவாள், வெளிச்சத்தில் சாய்ப்பாள், நகத்தால் சுரண்டுவாள், அப்புறம்தான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள். அப்பா விட்டுப்போன மனையில், ஓ.டி. பார்த்துப் பார்த்தே அந்த வீட்டைக் கட்டினாள். திருவிழாவுக்குப் போகவில்லை, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் போய் நின்றாள். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டபோது வந்து சேர்ந்தவன் இசக்கியப்பன். சாத்தான்குளத்துப் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஊர்க்காரன், அதே தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரியையே கட்டிக்கொண்டான் என்று ஊர் கொஞ்ச நாள் வாயில் போட்டு மென்றது. அவன் வீட்டில் சாமியைக் காரணம் சொன்னார்கள், இவள் வீட்டிலும் சாமியைத்தான் காரணம் சொன்னார்கள். கடைசியில் இருவருக்கும் அந்த வீட்டைத் தவிர போக்கிடம் இல்லை.

வீடு எழும்பியதோடு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது காற்றுக்கு நகர்ந்தது. கீழைக்காற்று அடித்தால் மேற்கே போயிற்று, மேற்கே இருந்ததோ பக்கத்துக் கம்பெனியின் மதில். வருஷத்துக்கு நாலைந்து விரற்கடை உயரவும் செய்தது. வனமாமலை என்கிற சர்வேயர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து, சங்கிலி பிடித்து அளந்து, மரியாதையாகத்தான் சொன்னார்: "நெலம் உங்களுது. அதுக்கு மேல நிக்கற வரைக்கும் வூடும் உங்களுது. மதில்ல முட்டிச்சின்னா ஆக்கிரமிப்பும்மா. இடிக்கச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல." அன்று சாயங்காலம் ஷெர்லின் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். படிக்கும் தரைக்கும் நடுவே கால் தொங்கிக்கொண்டிருந்தது. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வுட மாட்டேன்யா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அது முடிந்த மாதிரிதான்.

முதலில் சங்கிலி போட்டார்கள், மழைக்காலத்தில் முளையோடு பிடுங்கிக்கொண்டது. பாரம் தூக்குகிற நைலான் பெல்ட்டால் கட்டினார்கள், அது நைந்து நூலாயிற்று. அடியில் காங்கிரீட் தூண் வைத்தார்கள், வீடு தூணைத் தரையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஏறியது. கிரேன் ஓட்டுகிற மணிகண்டபிரபு ஒரு நாள் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "வூடு வருசா வருசம் ஏறுது. சங்கிலி ஏறுமா, பெல்ட் ஏறுமா? கூடவே வளர்ற எதையாச்சும் வெச்சிக் கட்டுக்கா." கூடவே வளர்வது என்றால் மரம்தான். ஒரே மரம் என்றால் முளையில் கட்டிய ஆடு போல வீடு அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று முடிவாயிற்று.

என்ன மரம் என்பதில் சண்டை வந்தது. ஏரிக்கரையில் பார்த்து வளர்ந்த நாவல்தான் வேண்டும் என்று ஷெர்லின் ஒற்றைக் காலில் நின்றாள். சடசடவென்று வளரும், இரண்டு மூன்று வருஷத்தில் கிளை வீட்டை எட்டும் என்பது அவள் கணக்கு. இசக்கியப்பனுக்குப் பனையைத் தவிர வேறெதுவும் மரமாகவே தெரியவில்லை. "நாவ காத்துக்கு முறியும்ளா. பனை முறிஞ்சு பாத்திருக்கியா நீ?" என்றான். "உன் பனை வளர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்யா" என்றாள் அவள். இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். மேற்கே வீட்டு மூலைக்குச் சற்றுத் தள்ளி மதில் ஓரமாக நாவல், கிழக்கே காலி மனைப் பக்கம் பனை என்று பிரித்துக்கொண்டார்கள். கிழக்கு மூலையில் கடைக்கால் வரை மண்ணைக் குவித்து அணைத்து, அதன் நடுவில் பனங்கொட்டையைப் புதைத்தான் இசக்கியப்பன்.

முதல் வருஷம் இரண்டும் அவன் பொறுப்பில் இருந்தன. கொட்டையைப் புதைத்தான், நாவல் கன்றை நட்டான், ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான், கையைத் தட்டிவிட்டுப் போனான். தேரியில் அவன் தாத்தாவும் அப்பாவும் அப்படித்தான் செய்தார்கள். அங்கே மரம் வளர்ப்பது என்றால் மரத்தை அதன் பாட்டுக்கு விடுவது. பங்குனி வெயில் ஏறியதும் நாவல் இலை சுருண்டது, சித்திரையில் குச்சியாக நின்றது. "ஏன்யா, அதுக்குத் தண்ணி காட்டணும்னு உனக்கு யாரும் சொல்லலியா?" என்று ஷெர்லின் கேட்டாள். "எங்கூர்ல மரத்துக்கு யாரும் ஊட்டி விடமாட்டாவ" என்றான். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவள் கையில் இருந்த கரண்டி அவன் தலையில் விழாததற்குக் காரணம் அவன் குனிந்ததுதான்.

அடுத்த வருஷம் ஷெர்லின் புது நாவல் கன்று ஒன்றை நட்டுப் பொறுப்பெடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். லைனில் இரண்டு பக்கமும் சமமாக ஓடாவிட்டால் வேலை தேங்கும் என்று பழகியவள் அவள். இங்கேயும் இரண்டு மரமும் சமமாக வளராவிட்டால் வீடு சாயும் என்று, நாவலுக்கு எத்தனை குடமோ பனைக்கும் அத்தனை குடம் ஊற்றினாள். நாவல் குடித்துத் தளதளவென்று துளிர்த்தது. பனையோ மண்ணுக்குமேல் ஒன்றுமே காட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலையை அவள் தன் வாழ்நாளில் பாஸ் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், முக்காட்டைக்கூட எடுக்காமல் கிழக்கு மூலைக்குப் போய் மண்ணைப் பறித்துப் பார்த்தாள். கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு முளை, மேலே வராமல் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், திருப்தியாகத் திரும்ப வைத்து மூடித் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த ஞாயிறும் பார்த்தாள். அதற்கடுத்த ஞாயிறும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் குழியில் நாற்றமடிக்கிற ஓடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அன்றைக்கு நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது. "குடைஞ்சி குடைஞ்சி கொன்னுட்டியேளா பாவி! பனை மொதல்ல கீழதான் போவும். ஒரு வருசம் கீழயே போயிட்டுதான் மேல தலை காட்டும். அதத் தோண்டி எடுத்து ஆராய்ச்சியா பண்ணுவாவ?" என்று கத்தினான். "பாக்காம எப்புடியா நம்பறது? கம்பெனில பாக்காம ஒண்ண வுட்டா என்னை வுட்டுருவானுங்களா?" என்று அவளும் கத்தினாள். இசக்கியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடத்தில் சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான். அவன் இல்லாத அந்த நாட்களில் கீழைக்காற்று எழும்பி, வீடு மதில் பக்கம் இரண்டடி நகர்ந்தது. மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடம்தான் மிச்சம். டியூட்டி முடிந்ததும் ஷெர்லின் அவன் கம்பெனி வாசலிலேயே போய் நின்றாள். அவனும் அவளைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல்கூட அவளோடு பஸ் ஏறிவிட்டான்.

வழியில் பேசி ஒப்பந்தம் போட்டார்கள். நாவலை இனி இசக்கியப்பன் பார்க்க வேண்டும், அதுவும் தினமும். குவியலில் புதுக் கொட்டை புதைத்த பிறகு பனை ஷெர்லின் பொறுப்பு, அவள் அதைப் பார்க்கவே கூடாது. ஆளுக்கு ஆள் வராத வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. வருகிற வேலையை வைத்து ஆளுக்கு ஒரு மரத்தைக் கொன்றாயிற்று.

நாவல் பச்சைக் குழந்தையின் சுபாவம். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் இல்லை என்றால் சாயங்காலமே இலையைத் தொங்கப்போடும், ஊற்றினால் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கும். குழியில் தொழு உரம் கேட்கும், குருத்தில் புழு விழும், காற்றுக்குக் கொம்பு நட்டுக் கட்ட வேண்டும், அடிக்கிளை கழித்தால்தான் மேலே போகும். இசக்கியப்பன் ஷிஃப்ட் முடிந்து வந்து யூனிஃபார்மோடு புழு பொறுக்கினான். திட்டிக்கொண்டேதான் பொறுக்கினான். ஆனால் ஒரு நாள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவன், நாவலுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்டு டிக்கெட்டை ரத்து செய்தபோது அவனுக்கே வெட்கமாகிவிட்டது. பனைக்கு இது எதுவும் கிடையாது. அதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொத்திவிடக் கூடாது, உரம் வைக்கக் கூடாது, இடம் மாற்றவே கூடாது. ஆடு வராமல் முள் அடைத்தால் போதும். நாவல் நீங்கள் செய்ததற்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லும். பனை நீங்கள் செய்யாமல் இருந்ததற்கு பல வருஷம் கழித்துப் பதில் சொல்லும். நாவல் வளர்த்தால் உடம்பு நோகும். பனை வளர்த்தால் மனசு நோகும். எது கஷ்டம் என்று ஷெர்லினைக் கேட்டால் சொல்வாள்.

ஒரு வருஷத்துக்குமேல் காத்த பிறகு குவியலின் நடுவிலிருந்து ஓர் ஒற்றை ஓலை, கத்தி உறை மாதிரி எட்டிப் பார்த்தது. அதற்குள் மேற்கே நாவல் கிளை சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்து, கம்பியைச் சுற்றி, சுவரின் உள்பக்கத் தூணையும் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. அஞ்சறைப்பெட்டியை அந்தக் கிளைமேல்தான் வைத்தாள். அந்தக் கோடையில் சமையல் மேடையில் வைத்த தக்காளி கிழக்குப் பக்கமாக உருண்டது. ஷெர்லின் மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கிவந்து வைத்தாள். குமிழி மேற்கே ஏறி நின்றது, வீடு கிழக்கே சாய்ந்திருந்தது. இசக்கியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பனை புடிச்சிட்டுளா! கீழ இழுக்கு பாரு!" என்றான். ஷெர்லின் சந்தோஷப்படவில்லை. நாவல் வளர்ந்து மேற்குப் பக்கத்தைத் தூக்கினாலும் குமிழி இப்படித்தானே நிற்கும்? "தூக்கறது நாவலா, இழுக்கறது பனையான்னு எப்புடியா தெரியும்?" குவித்த மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேர் கடைக்காலைப் பிடித்ததா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். தோண்டினால் பனை போய்விடும்.

அந்தச் சந்தேகத்தோடு அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை குடித்தனம் செய்தாள். பூசை முடிந்து வருவாள், கடப்பாரையை எடுப்பாள், கிழக்கு மூலைவரை போவாள், திரும்பி வந்து கடப்பாரையைக் கதவுக்குப் பின்னால் வைப்பாள். நோய் வந்து கம்பெனிகளெல்லாம் மூடிக் கிடந்த வருஷம்தான் மகா கொடுமை. பார்ப்பதற்கு ஒரு கைப்பிடிகூட இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் பனை தெரியும். ஜன்னலை ஆணி வைத்து அடித்தாள். மாடியில் அப்போது வாடகைக்கு இருந்த கவியா என்கிற தென்காசிப் பெண் ஓட்டலில் வேலை போய் அறையிலேயே கிடந்தாள். "அக்கா, ஒரு தடவைதான, பாத்துட்டு மூடிருங்களேன்" என்று பாவப்பட்டுச் சொன்னதற்கு, "ஒரு தடவ பாத்தா நான் மறுபடியும் பாப்பேன்டி. என்னை எனக்குத் தெரியாதா?" என்றாள் ஷெர்லின். கம்பெனி திறந்த முதல் நாள் அவள் பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்குள் வீடு இடுப்பு உயரம் ஏறியிருந்தது. ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி வைத்தார்கள். கேஸ் போடுகிறவன் சிலிண்டரைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தான், அப்புறம் பழகிவிட்டான். பனைக்கு இப்போது விசிறி விசிறியாக ஆறேழு மட்டை இருந்தது, ஆனால் தண்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாவல் மாடிக்குமேல் போய்க் குடை விரித்துவிட்டது. எந்தப் பக்கம் வலு என்று யாரைக் கேட்டாலும் நாவல் பக்கம்தான் கையைக் காட்டியிருப்பார்கள்.

ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. கம்பெனி பஸ்கள் நின்றன, கரண்ட் போயிற்று, காலையிலிருந்தே கிழக்கிலிருந்து காற்று பேயாக அடித்தது. ஷெர்லின் கவியாவைப் புயலுக்கு ஊர் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், இசக்கியப்பனையும் போகச் சொன்னாள். "போடி அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு அவன் கயிறு எடுக்கப் போனான். மத்தியானத்துக்குள் வீடு அசைய ஆரம்பித்தது. மேற்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு முழமாயிற்று. வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் முனகியது. மதிலுக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி ஒருவர் மழைக்கோட்டோடு நின்று, "முட்டப் போகுதும்மா, முட்டப் போகுது!" என்று கத்தினார்.

ஷெர்லின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிழக்கு மூலைக்கு இறங்கினாள். வேர் பிடித்திருந்தால் சரி, பிடிக்காவிட்டால் பெல்ட்டை மாட்டியாவது கட்டலாம் என்பது அவள் எண்ணம். இசக்கியப்பன் வழியை மறிக்கவில்லை. நனைந்து நின்றுகொண்டு, "உன் வீடு ஷெர்லினு. நீ ராப்பகலா ஒழைச்சு கட்டுனது. தோண்டணும்னா தோண்டிரு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான். அதுதான் அவளை நிறுத்தியது. அவன் தடுத்திருந்தால் தோண்டியிருப்பாள். கடப்பாரையின் முனை மண்ணில் பதிந்திருந்தது. பனை மட்டைகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டாலும் குவியலில் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. அவள் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தாள். நாவல் தன் குடை முழுவதும் காற்றை வாங்கிக்கொண்டு, வீட்டையும் பிடித்துக்கொண்டு மதில் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்த்த மரம் அது. இப்போது அதற்குக் கொடுக்க வேண்டியது வேறொன்று.

"யோவ், அரிவாள எடு!" என்று கத்திக்கொண்டே ஏணியை மாடிப்பக்கம் சாய்த்தாள். அவன் கீழே ஏணியைப் பிடிக்க, அவள் ஏறி நாவலின் தலைக்கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். கை கிழிந்தது, கண்ணில் மழை அறைந்தது. வருஷக்கணக்கில் புழு பொறுக்கிய கிளைகள் விழுவதைப் பார்த்து இசக்கியப்பன் வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே, "அந்தப் பெரிய கிளையையும் வெட்டு, வெட்டு!" என்றான். குடை போனதும் நாவல் இழுப்பதை நிறுத்தியது. வீடு ஒருமுறை பெருமூச்சு விட்டது மாதிரி குலுங்கி நின்றது. காற்று அதற்கப்புறமும் இருட்டும்வரை அடித்தது. வீடு நகரவில்லை. மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் மிச்சம் இருந்தது.

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் சர்வேயர் வனமாமலை வந்தார். இந்தப் புயலில் வீடு மதிலில் முட்டி எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் அவரும் நினைத்து வந்தார், பாவம். அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். வீடு முழுவதும் அவளுடைய மனைக்குமேல்தான் நின்றது. மொட்டையாய் நின்ற நாவலைப் பார்த்தார், ஜன்னலுக்குள் போன கிளையை எழுதிக்கொண்டார். பிறகு கிழக்கே போய் மண் குவியலைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இன்னா புடிச்சிருக்கும்மா?"

"பனை சார்."

"வேரு கடைக்கால புடிச்சிருக்குதா?"

"தெரியாது சார்."

வனமாமலை கூடவந்த சங்கிலிக்காரரைக் கூப்பிட்டு மண்ணைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். ஷெர்லின் குறுக்கே போய் நின்றாள். கட்டுப்போட்ட கையை விரித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து அவர் பின்வாங்கினார். "பாக்காம நான் எப்பிடிம்மா எழுதறது?" என்றார். "பாத்துட்டு எழுத ஊர்ல ஆயிரம் கீது சார். இத பாக்காம எழுதுங்க. நின்னுச்சில்ல? எழுதுங்க" என்றாள். வனமாமலை கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், பேனாவைத் திறந்து, கிழக்கே பனை பிடித்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு அடுத்த வருஷம் புதுக் கதவு எண் வந்தது. நாவல் மறுபடி துளிர்த்தது. வீடு இடுப்பு உயரத்தில் நிற்கிறது, கொஞ்சம் கிழக்கே சாய்வு, அவ்வளவுதான்.

இசக்கியப்பனுக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் இன்று காலையும் ஷெர்லின் குடத்தோடு ஏணி இறங்கினாள். பனையை ஒட்டித்தான் நடந்து போனாள், குனியவில்லை. நாவலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.